ஈரத்துக்குக் கழித்தவர்

பயந்துபோனவர்கள் அவரைத் தேடி வருவார்கள். வயிற்று வலி என்று சுருண்டு வருவார்கள். மேஸ்திரியிடம் வாய்கொடுத்துவிட்டு, நாளைக்கு வேலை இருக்குமோ இருக்காதோ என்று முகம் வெளுத்து வருவார்கள். தண்டையார்பேட்டையில் குழாயடியைத் தாண்டிப் போகிற ஒரு சந்தில் அவர் குடியிருந்தார். வந்தவர் சொல்வதைக் கடைசிவரை கேட்பார். கேட்கும்போது பற்றவைக்காத பீடி ஒன்று விரலிடுக்கில் உருண்டுகொண்டிருக்கும். முடிந்ததும், "அவ்ளோதானா? ஒண்ணியும் ஆவாது. குந்து, டீ குடி" என்பார். வந்தவரும் உட்கார்ந்து குடிப்பார்.

அந்தச் சொற்களில் ஒரு விசேஷமும் இல்லை. எல்லோரும் எல்லோரிடமும் சொல்வதுதான். ஆனால் அவர் சொன்னால் நெஞ்சை அடைத்தது இறங்கும். குரல் அப்படி. கொஞ்சம் கரகரத்த, அவசரமே தெரியாத குரல். சொல்வதோடு நிற்கவும் மாட்டார். தன் உடம்பைக் கொண்டுபோய் முன்னால் வைப்பார். கான்டீன் சாம்பாரில் பல்லி விழுந்துவிட்டது என்று ஒருநாள் எல்லோரும் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தபோது, இவர் ஒரு டம்ளர் மொண்டு குடித்துவிட்டு, "பல்லி தேவல, உப்புதான் கம்மி" என்றார். சிரித்துக்கொண்டே எல்லோரும் திரும்ப உட்கார்ந்தார்கள். யாருக்கும் எதுவும் ஆகவில்லை. அவர் சொன்னதில் பாதிக்கு மேல் அப்படித்தான், எதுவும் ஆகாமலே போய்விடும். அவருக்குப் பெயர் வந்தது அதனால்தான்.

மிச்சமும் இருந்தது. அவர் மனைவி ராயபுரத்துக் கடலோரத்துப் பெண். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குத் தவறமாட்டாள். அக்கா என்று நான் கூப்பிடுவேன். ஒருநாள் சங்கரா மீன் ஆய்ந்துகொண்டே அக்கா சொன்னது இது:

"இந்த ஆளு சொல்றத கேட்டா மனசு ஆறிப்பூடும் தம்பி. அதான் பேஜாரு. ஆறிப்பூட்டா அப்பால டாக்டராண்ட போவத் தோணாது."

அவர்கள் மகளுக்கு ஒரு காது கேட்காது. சின்ன வயதில் காதில் சீழ் வடிந்தது. தானாக ஆறிவிடும் என்று இவர் சொன்னார். ஆறத்தான் செய்தது.

இன்னொன்றும் உண்டு. ராயபுரத்தில் மாமியார் வீட்டுக்குப் பக்கத்து வீட்டு மீனவர், புயல் எச்சரிக்கைக்கு முன்னால் கடலுக்குப் போனவர், திரும்பவில்லை. அந்த மீனவரின் மனைவி கரையில் நின்று அலறியபோது இவர்தான் போய்க் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டி வந்தார். "காத்து எங்கனா ஒதுக்கியிருக்கும். பழவேற்காட்டுல கரையேறி நாஸ்டா துன்னுகினு இருப்பான்." முந்தைய வருஷம் அதே ஆள் அதே மாதிரிதான் காணாமல் போய்த் திரும்பி வந்திருந்தார். அதனால் அவள் நம்பினாள். எல்லோரும் துக்கம் முடித்து அவரவர் வேலையைப் பார்க்கப் போன பிறகும், பூசை வைக்க விடாமல், வெள்ளை உடுத்தாமல், நம்பிக்கொண்டே இருந்தாள். இவர் அந்தத் தெருவுக்குப் போனால் ஓடிவந்து, "அண்ணே, வந்துருவாருல்ல?" என்பாள். "வராம?" என்பார் இவர். அந்த ஒரு சொல்லை அவர் எப்படிச் சொல்வார் என்பதை நான் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன். துளி நடிப்பு இல்லை. சொல்லும் நேரத்தில் அவரும் நம்பினார் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

அவரும் நானும் ஒரே இடத்தில் வேலை பார்த்தோம். திருவொற்றியூரைத் தாண்டி எண்ணூர்ப் பக்கம் ஒரு சின்னத் தொழிற்சாலை. கல்கரியை எரித்து, புகையைக் கரைசலில் கழுவி, அதிலிருந்து கரியமில வாயுவை மட்டும் பிரித்து சிலிண்டரில் அடைப்பார்கள். சோடாக் கம்பெனிகளுக்குப் போகும். கப்பல்களில் தீயணைக்கப் போகும். நான் பி.எஸ்ஸி. பௌதிகம் முடித்த கையோடு அங்கே கருவிகளைப் பார்த்துக்கொள்ளச் சேர்ந்தேன். அறுபதுகளின் கடைசி. அவர் வாயுச் சோதனை ஆபரேட்டர். என்னைவிட இருபது வயதாவது மூத்தவர், என்றாலும் ஒரு வாரத்தில் தோஸ்து ஆகிவிட்டோம். என்னை 'நைனா' என்பார். நான் 'அண்ணே'. மற்ற எல்லோருக்கும் அவர் 'மாமு'.

அவர் பொறுப்பில் இருந்த கருவியைப் பற்றிச் சொல்லாமல் அவரைப் பற்றிச் சொல்ல முடியாது. ஜெர்மனியிலிருந்து வந்தது. உள்ளே ஒரு கம்பி சூடாகி, கண்ணுக்குத் தெரியாத வெப்பக் கதிரை விடும். கதிர் இரண்டு குழாய்கள் வழியாகப் போகும். ஒன்றில் வெறும் நைட்ரஜன், மற்றதில் நாம் சோதிக்கிற காற்று. கடைசியில் இரண்டு மூடிய அறைகள். இரண்டுக்கும் நடுவில் மெல்லிய உலோகத் தகடு. அந்த அறைகளுக்குள் என்ன அடைத்திருக்கிறார்கள் தெரியுமா? கரியமில வாயுவையே! அதற்கு உரிய கதிர் எது என்று அதற்குத்தான் தெரியும். கதிர் பட்டால் சூடாகி விரியும். சோதிக்கிற காற்றில் கரியமில வாயு இருந்தால், வழியிலேயே அந்தக் கதிரை அது பிடித்துக்கொள்ளும், அந்தப் பக்கத்து அறைக்குச் சூடு குறையும், தகடு வளையும், முள் நகரும். இதைப் பிரித்துப் பார்த்த அன்று நான் சாப்பிடவே மறந்துபோனேன்.

கருவிக்கு ஒரே ஒரு குறை. நீராவியும் அந்தக் கதிரில் கொஞ்சத்தைப் பிடிக்கும். அதனால் கால்சியம் குளோரைடு கட்டிகள் போட்ட ஒரு கண்ணாடிக் குழாய் வழியாகக் காற்றை உலர்த்திய பிறகே உள்ளே விட வேண்டும். எங்கள் கடல் காற்றில் அந்தக் கட்டிகள் சீக்கிரமே கசிந்து கூழாகிவிடும். ஸ்டோரில் கேட்டால் வரவில்லை என்பார்கள். ஆகவே மழைக்காலத்தில் ஒரு வழக்கம் உண்டாயிற்று. முள் காட்டுவதில் கொஞ்சத்தை ஈரத்துக்கென்று கழித்துவிட்டு மீதியைத்தான் சொல்வார்கள். நான் சேர்வதற்கு முன்பே அந்த வழக்கம் இருந்தது. முதலில் ஒரு சின்னக் கோடு கழித்தார்களாம். பிறகு, மழை பலமாக இருந்தால் இரண்டு. அப்புறம் வேலை அவசரத்தைப் பொறுத்து. யாரும் உத்தரவு போடவில்லை, யாரும் தடுக்கவும் இல்லை. முள் ஏறியிருக்கிறதே என்று யாராவது கேட்டால், "ஈரம்ப்பா, ஈரம்" என்பார் இவர். கேட்டவர் முகம் தெளிந்துவிடும்.

எனக்கு அந்தக் கருவி மேல் பித்துப் பிடித்ததற்குக் காரணம் வேறு. அதற்குள் நடப்பதுதான் நம் தலைக்கு மேலும் நடக்கிறது. நூலகத்தில் ஓர் அமெரிக்கச் சஞ்சிகையில் படித்துவிட்டு, அதை யாரிடமாவது சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும் போலிருந்தது. பாரிமுனைக்குப் போகிற பஸ்ஸில் அவரைப் பிடித்துக்கொண்டேன். பேசின் பிரிட்ஜ் பக்கம் மின்நிலையப் புகைபோக்கி புகைந்துகொண்டிருந்தது.

"அண்ணே, தரை வெயிலை வாங்கி, வெப்பத்தைக் கதிரா மேல அனுப்புது. காத்துல பெரும்பங்கு நைட்ரஜன், ஆக்ஸிஜன். ரெண்டும் அதைக் கண்டுக்கறதே இல்ல."

"ஏன், சண்டையா?"

"ஒரே மாதிரி ரெண்டு அணு கைகோத்து நிக்குது. கதிர் புடிச்சு ஆட்டறதுக்கு அதுல பிடி இல்ல. கரியமில வாயு அப்படி இல்ல. நடுவுல கரி, ரெண்டு முனையிலயும் ஆக்ஸிஜன். காசிமேட்டுல ரெண்டு பேரு கழியில கூடையைத் தொங்கவிட்டுத் தூக்கிட்டுப் போவாங்கள்ல?"

"என் மச்சான் டெய்லி தூக்கினவன்தான்."

"கூடை மேல துள்ளினா கழி ரெண்டு பக்கமும் கீழ அழுந்தும். அந்தத் துள்ளலுக்குன்னு ஒரு தாளம் இருக்கு. அதே தாளத்துல வர்ற வெப்பக் கதிர் பட்டா, இது துள்ள ஆரம்பிச்சிடும். கதிர் அதோட காலி."

"அப்பால?"

"வச்சுக்காதுண்ணே. பக்கத்துல இருக்கற நைட்ரஜன் மேல மோதி, துள்ளலை அதுகிட்ட தள்ளிடும். காத்து சூடாவும். சூடான காத்து வேற எதுமேலயாவது மோதி அதைத் துள்ள வைக்கும். அப்படித் துள்ளினதுல ஒண்ணு ரெண்டு, அடுத்த மோதலுக்கு முந்தி கதிரா வெளிய விட்டுடும். மேல, பக்கத்துல, கீழ, எந்தத் திசையும் பாக்காது. கீழ வந்தது திரும்ப நம்ம தலையில."

அவர் ஜன்னல் வழியாக அண்ணாந்து பார்த்தார். "வானம் நம்ப மேல சூடு ஊதிகினே கீதுன்றே."

"ஆமாண்ணே."

"நல்லதுதானே. இல்லாங்காட்டி வெறச்சுப் பூடுவோம்."

அது சரிதான் என்று ஒப்புக்கொண்டேன். ஆனால் விடவில்லை. கதிர் விண்வெளிக்குத் தப்பிப்பது காற்று மெலிந்த உயரத்தில்தான். நாம் கரியை எரித்து எரித்து வாயுவைக் கூட்டினால் அந்தத் தப்பிக்கிற இடம் இன்னும் மேலே போகும். மேலே குளிர். குளிர்ந்த காற்று மங்கலாகத்தான் கதிர் விடும். வெளியே போவது குறையும். வெயில் வருவது குறையாது. கீழே சூடு ஏறித்தான் இரண்டும் சமமாகும். இதை நான் சொல்லி முடிப்பதற்குள் பஸ்ஸில் பாதிப் பேர் எங்களைத் திரும்பிப் பார்த்துவிட்டார்கள்.

"இதைப் பழைய விஞ்ஞானிங்க சில பேரு ஒத்துக்கலண்ணே. காத்துல இருக்கற ஈரமே எல்லாத்தையும் புடிச்சிடுது, இந்த வாயு கூடினா இன்னா குறைஞ்சா இன்னான்னுட்டாங்க."

அவருக்கு ஒரே சந்தோஷம். முன் சீட்டுக்காரரின் தோளைத் தட்டி, "கேட்டியா தலைவரே? வெள்ளக்காரனே சொல்ட்டான், அல்லாம் ஈரந்தான்னு!" என்றார்.

"அவங்க சொன்னது தப்புண்ணே. ஈரம் கீழேதான். உயரத்துல காய்ஞ்சு கிடக்கு. அங்க இதுதான் வேலை செய்யுது. ஈரத்தைக் காட்டி இதை இல்லன்னு சொல்ல முடியாது."

"உடு நைனா. வானத்துக்கு இன்னா ஜுரமா வரப்போவுது? ஒண்ணியும் ஆவாது."

வானத்துக்கும் ஆறுதல் சொன்ன ஒரே மனிதர் அவராகத்தான் இருக்க வேண்டும்.

அவர் குறிப்பிட்ட மச்சான், அக்காவின் தம்பி, இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். கடல் வேண்டாம் என்று அக்கா பிடிவாதம் பிடித்துக் கரையேற்றி, புருஷனிடம் சொல்லி எங்கள் தொழிற்சாலையில் பம்பு, குழாய் பழுதுபார்க்கிற ஃபிட்டராகச் சேர்த்துவிட்டிருந்தாள். வாய் ஓயாத பிள்ளை. "மாமா சொன்னா சாவே வராதுய்யா, வாசல்ல நின்னு டீ குடிச்சிட்டுப் போயிடும்" என்று கேலி செய்வான்.

ஐப்பசி அடைமழை. எனக்கு அன்று வார ஓய்வு. நடந்ததை அங்கிருந்தவர்கள் பலர் சொன்னார்கள். எல்லோரும் சொன்னது ஒன்றாகவே இருந்தது.

கரைசல் பம்பு ஒரு குழிக்குள் இருக்கும். ஆளுயரத்தை விட ஆழம், இறங்க இரும்பு ஏணி. காலையில் பம்பு ஒழுக ஆரம்பித்தது. அது நின்றால் தொழிற்சாலையே நிற்கும். கரியமில வாயு காற்றைவிடக் கனம்; கசிந்தால் குழியின் அடியில் போய்த் தேங்கும், நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. அதனால் யாரும் இறங்குவதற்கு முன் ரப்பர் குழாயை அடிவரை விட்டு, உறிஞ்சி, கருவியில் பார்க்க வேண்டும். இவர் பார்த்தார். முள் நன்றாக ஏறி நின்றது.

"மாமு, இன்னா இவ்ளோ காட்டுது?" என்று கேட்டிருக்கிறார் ஒருவர்.

"மழ இப்டி ஊத்துது. கட்டிங்கோ அல்லாம் தண்ணியாப் பூட்ச்சு. முள்ளு ஏறாம இன்னா பண்ணும்? ஈரம்."

மச்சான் தயங்கினானாம். "மாமா, நெசமாவா?"

அப்போது அவர் எப்போதும் செய்கிற மாதிரியே செய்தார். தானே முதலில் ஏணியில் இறங்கினார். பாதி ஏணிவரை. இடுப்பளவு குழிக்குள் நின்று, எல்லோரும் பார்க்க நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து விட்டார். "பாத்தியா? வா." ஏறி வந்துவிட்டார். மச்சான் இறங்கினான். அடிவரை இறங்கி, பம்புக்கு முன்னால் குனிந்தான். குனிந்தவன் நிமிரவில்லை.

இவர் குதிக்கப் போனார். நாலு பேர் சேர்ந்து பிடித்துக்கொண்டார்கள். அழுத்தக் காற்று வருகிற குழாயைத் திருப்பி உள்ளே அடித்து, கயிறு கட்டி இன்னொருவரை இறக்கி, தூக்கி வெளியே போட்டபோது எல்லாம் முடிந்திருந்தது. மழையில் கிடந்த அந்தப் பிள்ளையின் கன்னத்தைத் தட்டித் தட்டி, "ஒண்ணியும் ஆவல, ஒண்ணியும் ஆவல" என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்ததாகச் சொன்னார்கள்.

அதற்குப் பிறகு ஓர் அதிசயம் நடந்தது. எதிலும் ஒத்துப்போகாத நிர்வாகமும் யூனியனும் ஒரே வார்த்தைக்கு வந்தன. விசாரணை வைத்திருந்தார்கள். மழை ஈரத்தால் கருவி தவறாகக் காட்டி வந்தது, அதனால் அளவை நம்ப வழியில்லை, இதில் யாருடைய பிழையும் இல்லை. அப்படி அவர் வாயால் சொல்லிவிட்டால் போதும். கட்டி வாங்கிப் போடாத நிர்வாகத்துக்கும் கேள்வி வராது, அவர் வேலைக்கும் ஆபத்து இல்லை.

"மாமு, நீ எப்பவும் சொல்றதுதானே? அத்தயே சொல்லு" என்றார் யூனியன்காரர். அவர் கெட்டவரும் இல்லை. இவரைக் காப்பாற்ற நினைத்தார், அவ்வளவுதான்.

விசாரணைக்கு முந்தின நாள் முற்பகலில் இவர் கருவி அறைக்கு வந்தார். மழை விடவில்லை. அடக்கம் முடிந்து இரண்டு வாரம் ஆகியிருக்கும். தாடி நரைத்திருந்தது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

"நைனா, கேட்டா நெசத்தச் சொல்லுவியா?"

"சொல்லுவேண்ணே."

"ஈரம் மட்டும் இருந்தா முள்ளு எவ்ளோ ஏறும்?"

எனக்குத் தெரியும். வாயால் சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் பார்க்க வேண்டும் என்று நின்றார். உலர்த்துகிற குழாயைக் கழற்றிவிட்டு, ரப்பர் குழாயை ஜன்னலுக்கு வெளியே மழைக்காற்றில் நீட்டினேன். முள் அசைந்து, இரண்டு சின்னக் கோடுகளைத் தாண்டாமல் நின்றது.

"அவ்ளோதானா?"

அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து அப்படி ஒரு குரலில் நான் கேட்டதில்லை. பிறகு ரப்பர் குழாயை என் கையிலிருந்து வாங்கி, தன் வாயில் வைத்து மெதுவாக ஊதினார். நாம் விடுகிற மூச்சில் இருக்கிற கரியமில வாயு கொஞ்சம்தான். அதற்கே முள் விறுவிறுவென்று ஏறி, பாதிக்குக் கிட்டே போய் நின்றது. கருவி முகப்பின் கண்ணாடி மேல் அந்த இடத்தில் அவர் நகத்தை வைத்தார். அப்படியே நகத்தை இன்னும் வலப்பக்கமாக நகர்த்தினார்.

"என் மூச்சு அங்க நிக்குது. அன்னிக்கி முள்ளு இங்க நின்னுச்சி."

நான் உலர்த்துகிற குழாயை எடுத்துத் திரும்ப மாட்டினேன்.

விசாரணையில் அவர் நின்றுகொண்டே சொன்னார். "முள்ளு சரியாத்தான் சார் காட்டிச்சி. ஈரம் கொஞ்சூண்டுதான். மீதி கேஸு. நான்தான் மொத்தத்தையும் கழிச்சிட்டேன்."

விசாரித்த இன்ஜினீயர் பேனாவைக் கீழே வைத்தார். "யோசிச்சுச் சொல்லுங்க. நீங்க பதட்டத்துல இருக்கீங்க. ஈரம் பாதிச்சிருக்கலாம் இல்லையா?"

"இல்ல சார்."

யூனியன்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு, "மாமு, உன் பொண்டாட்டி புள்ளையை நெனச்சிப் பாருய்யா" என்றார்.

"நெனச்சிகினுதான் சொல்றேன்."

அன்று மாலையே அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். நான் அவரோடு பஸ் ஏறினேன். தனியாக விட மனம் வரவில்லை. தண்டையார்பேட்டையில் அவர் இறங்கவில்லை. ராயபுரம் வரை வந்தார். அக்கா தம்பியின் சாவுக்குப் பிறகு அம்மா வீட்டிலேயே இருந்தாள்.

கூரையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அக்கா ஒரு குண்டானை நகர்த்தி வைத்துவிட்டு நிமிர்ந்தாள். அந்தச் சில நாட்களில் முகம் வற்றிப் போயிருந்தது. என்னை உட்காரச் சொன்னாள். அவரைப் பார்த்துத்தான் பேசினாள்.

"யூனியன்காரு முந்தாநேத்து வந்துட்டுப் போனாரு. அந்த மிசினு ஈரத்துல கெட்டுக் கெடந்துச்சாமே. ஆரு மேலயும் தப்பு இல்லியாமே."

அவர் நின்றுகொண்டே இருந்தார்.

"அப்டித்தானே?"

"இல்ல. மிசினு நல்லாத்தான் இருந்துச்சி. கேஸு இருக்குதுன்னு காட்டிச்சி. நான்தான் இல்லன்னேன்."

உள்ளே அக்காவின் அம்மா ஜெபம் சொல்வது நின்றது. அக்கா குனிந்து குண்டானை இன்னும் கொஞ்சம் நகர்த்தி வைத்தாள். பிறகு, கோபமில்லாமல், கெஞ்சுகிற மாதிரி கேட்டாள்:

"ஊருக்கெல்லாம் சொல்லுவியே. முன்ன பின்ன தெரியாதவனுக்கெல்லாம் சொல்லுவியே. எனக்கு இந்த ஒரு தபா சொல்லக் கூடாதா?"

"சொல்லலாம்" என்றார். அதே குரல். கரகரத்த, அவசரமில்லாத குரல். "சொன்னா நீ நம்பிடுவே."